ஓரகத்தி எழுதிய மலைக்குறிப்புகள்

1

ஒரு கதை எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் வழக்கமாக நல்ல பொய்யாக ஒன்று சொல்வேன். ரயிலில் பார்த்த முகம், மழையில் கேட்ட குரல் என்று ஏதாவது. இந்தத் தடவை உண்மையையே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை வயிற்றெரிச்சலில் இருந்து வந்தது.

என் மகளின் கல்யாணம் ஒரு மலையூரில் நடந்தது. வரப்போகிற விருந்தாளிகளுக்காக, எந்த வழியாக வருவது, எதை எடுத்து வருவது, எங்கே நின்று டீ குடிப்பது என்று ஒரு குறிப்பு தயாராகி எல்லார் போனுக்கும் போனது. அதை எழுதியது நான் இல்லை. நான் நான்கு நாவல்கள் எழுதியவள். குறிப்பை எழுதியவள் என் ஓரகத்தி, அதாவது என் கணவருடைய தம்பியின் மனைவி. அவள் கையெழுத்தில் அதுவரை நான் பார்த்தது மளிகைச் சாமான் சீட்டு மட்டும்தான்.

அந்தக் குறிப்பை எல்லாரும் படித்தார்கள். என் முதல் நாவலின் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட்டை அடையாளம் வைத்துவிட்டு இன்றுவரை அங்கேயே நிற்கிற என் கணவர், இதை இரண்டு தடவை படித்தார். சிரித்தார். "என்னமா எழுதியிருக்கா பாரு" என்றார்.

"எதைச் சொல்றீங்க?" என்று கேட்டுக்கொண்டே சமையலறையிலிருந்து வந்தேன். அதற்குள் நான் அதை நான்கு தடவை படித்திருந்தேன்.

2

இந்தக் கதைக்கு மூன்று தொடக்கங்கள் எழுதினேன். மூன்றையும் இங்கே வைக்கிறேன். எதை எடுத்துக்கொள்வது என்று நீங்களே பாருங்கள்.

முதல் தொடக்கம்: "தன் மேகங்களை ஒவ்வொன்றாகக் களைந்துகொண்டு, யாருக்காகவோ காத்திருப்பதுபோல் அந்த மலை……"

(வேண்டாம். மலை எதையும் களையவில்லை, யாருக்காகவும் காத்திருக்கவில்லை. என் வாக்கியங்கள் இப்படித்தான் ஆரம்பிக்கும். பன்னிரண்டாம் பக்கத்தில் அவர் நின்றுபோனதில் கொஞ்சம் நியாயம் இருக்கலாம்.)

இரண்டாவது தொடக்கம்: "அவளுடைய மூக்கின் நுனியில் ஒரு மரு இருந்தது. பேசும்போது அதுவும் சேர்ந்து……"

(ஓரகத்திக்கு மரு கிடையாது. நான் வைத்தேன். அவளை வில்லி ஆக்க அது போதும் என்று அன்றைக்கு நினைத்தேன். மறுநாள் காலையில் படித்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது. எடுத்துவிட்டேன்.)

மூன்றாவது தொடக்கம்: "வண்டியை ரெண்டாவது கியர்ல போடுங்க. மேல போய்ச் சேர்ற வரைக்கும் அதுதான் உங்க சிநேகிதம்."

(இது அவளுடைய குறிப்பின் முதல் வரி. சொல்ல வாய் வரவில்லை, ஆனால் மூன்றில் இதுதான் நல்ல தொடக்கம்.)

என் ஓரகத்தி கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற பள்ளியில் ஆசிரியை. பயந்தவர்கள், வயதானவர்கள், மூன்று தடவை டெஸ்டில் தோற்றவர்கள் எல்லாரையும் அவளிடம்தான் தள்ளிவிடுவார்கள். "கிளட்ச், கிளட்ச்" என்று அவள் போடுகிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும். அதனால் ஊருக்கே அவள் கிளட்ச் அக்கா. அடக்கம் என்பது அவளிடம் மருந்துக்கும் கிடையாது. குறிப்பு போனுக்குப் போன அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்து, காலை நீட்டி உட்கார்ந்து, "எப்படிக்கா இருக்கு நம்ம எழுத்து?" என்று கேட்டாள்.

"நல்லா இருக்கு. ரெண்டு இடத்துல கமா போடணும்."

"கமாவெல்லாம் எதுக்கு? மூச்சு வாங்கினா அவங்களே நிறுத்திக்குவாங்க."

என் மகள் அந்த மலையில் உள்ள வானிலை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். காற்றையும் ஈரத்தையும் அளந்து, மூடுபனி எப்போது இறங்கும் என்று கீழே உள்ளவர்களுக்குச் சொல்கிற வேலை. மாப்பிள்ளையும் அங்கேதான். அவள் அந்த வேலைக்குப் போனபிறகு நான் ஒருமுறைகூட மேலே போனதில்லை. எனக்கு வளைவுகள் ஆகாது. வயிறு ஒரு பக்கமும் தலை ஒரு பக்கமும் போகும். ஓரகத்தியோ லீவு கிடைத்தால் போதும், காரை எடுத்துக்கொண்டு மேலே போய்விடுவாள். என் மகளின் அறையை நான் போனில் வந்த படத்தில் பார்த்திருக்கிறேன். ஓரகத்தி அதைப் பெருக்கியிருக்கிறாள்.

குறிப்பை ஏன் அவளிடம் எழுதச் சொன்னாய் என்று மகளிடம் கேட்டேன். சாதாரணமாகக் கேட்பதுபோலத்தான் கேட்டேன்.

"அவங்களுக்கு ரோடு தெரியும்மா."

"ரோடு தெரிஞ்சவங்ககிட்ட கேட்டு நான் எழுதியிருப்பேனே."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "சிக்னல் போகுதும்மா" என்றாள். சிக்னல் போகவில்லை. எனக்குத் தெரியும். இந்தக் கதை முழுக்க நான் துரத்தப்போவது அந்தச் சத்தமில்லாத இடத்தைத்தான். என்னிடம் ஏன் கேட்கவில்லை?

3

குறிப்பை நீங்கள் படித்ததில்லை. நான் படித்த விதத்தில் சொல்கிறேன். பொறாமைக்காரி படிக்கிற விதம் வேறு. அவளுக்கு ஒவ்வொரு வரியும் சாட்சி.

"அடிவாரத்துலயே பெட்ரோல் போட்டுக்குங்க. மேல ஒரு பங்க் இருக்கு, ஆனா திறக்கறதும் மூடறதும் பங்க்காரர் இஷ்டம்."

(மூடியிருந்த பங்க்கில் ஒரு நாள் அவளும் என் மகளும் காத்திருந்திருக்கிறார்கள். காரில் என்ன பேசிக்கொண்டிருந்திருப்பார்கள்?)

"வளைவுல மேல ஏறுற வண்டிக்குத்தான் முதல்ல வழி. எதிர்ல வர்றவர் விடலன்னா நீங்க விட்டுடுங்க. கல்யாணத்துக்கு வர்றீங்களா, சண்டைக்கு வர்றீங்களா?"

(இதற்குத்தான் என் கணவர் சிரித்தார்.)

"ஹீல்ஸ் செருப்பு வேண்டாம். புல்தரையில குத்திக்கிட்டா பொண்ணு மாப்பிள்ளையை விட்டுட்டு எல்லாரும் உங்களைத்தான் பிடுங்கிக்கிட்டு இருப்போம்."

"குளிக்க ஹீட்டரைப் போட்டுட்டு ஒரு டீ குடிங்க. மெதுவா குடிங்க."

"போன் சிக்னல் தபால் ஆபீஸ் வாசல்ல இருக்கிற சிமெண்ட் பெஞ்சுல மட்டும்தான் ஒழுங்கா வரும். அதுவும் இடது ஓரம். வலது ஓரத்துல ஒரு கோடுகூட வராது."

(இந்த வரியில் நான் நீண்ட நேரம் நின்றேன். வலது ஓரத்தில் சிக்னல் வராது என்று ஒருத்திக்குத் தெரிய வேண்டுமானால், அவள் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். இடது ஓரத்தில் வேறு யாரோ இருந்திருக்க வேண்டும். என் மகள் சனிக்கிழமைகளில் என்னோடு பேசும்போதெல்லாம், வலது ஓரத்தில் இவள் காலாட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள். நான் என் ஓரகத்தியைப் பற்றிச் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு.)

"நீலத் தண்ணித் தொட்டி வந்ததும் இடது பக்கம் திரும்புங்க. பார்த்தா தப்பான ரோடு மாதிரியே இருக்கும். அதான் சரியான ரோடு."

"மூடுபனி எப்ப இறங்கும்னு மணப்பொண்ணைக் கேளுங்க. வெக்கப்படாம சொல்லுவா, அதுதான் அவ வேலை."

கடைசியாக இது:

"பயமா இருந்தா கீழே பாருங்க. நாம வந்த ரோடு அங்கேயேதான் இருக்கு."

4

அந்தக் கடைசி வரியைத்தான் எல்லாரும் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். மலையில் போகிறவர்களிடம் கீழே பார்க்காதே என்றுதான் உலகம் சொல்லும். இவள் பார்க்கச் சொல்கிறாள். என் கணவரின் ஆபீஸ் நண்பர் ஒருவர் அதைத் தன் போன் முகப்பில் போட்டுக்கொண்டார்.

அது என் வரி.

(இங்கே ஒரு பத்தி முழுக்கக் கெட்ட வார்த்தையாக இருந்தது. எடுத்துவிட்டேன்.)

என் இரண்டாவது நாவலில் ஒரு பெரியவர், மகன் வீட்டுக்குக் குடிபோவதற்காகத் தன் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்புவார். பஸ் மலையேறும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பெண் பயந்து நடுங்குவாள். அவளிடம் அவர் சொல்வார்: "பயமாக இருந்தால் கீழே பார் தாயி. நாம் வந்த பாதை அங்கேயேதான் இருக்கிறது." ரோடு என்பதைப் பாதை ஆக்கியிருந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம். எனக்கு வந்த மூன்றே மூன்று வாசகர் கடிதங்களில் இரண்டு அந்த வரியைப் பற்றியவை.

அது எப்படி வந்தது என்றும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மகள் சின்னவளாக இருந்தபோது ஒருமுறை குடும்பத்தோடு வேறொரு மலைக்குப் போனோம். ஓரகத்தி அப்போதுதான் லைசென்ஸ் வாங்கியிருந்தாள், வீம்புக்கு அவளே ஓட்டினாள். நான் முன்சீட்டில் கண்ணை இறுக மூடிக்கொண்டு இருந்தேன். அப்போது அந்த வார்த்தைகள் தானாக வந்து காதில் விழுந்ததுபோல் இருந்தது. எழுதுகிறவர்கள் இதற்குப் பெரிய பெரிய பெயர்கள் வைத்திருக்கிறார்கள்.

ஆக, நான் ஓரகத்தியைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது சந்தோஷம். இரண்டாவது நாவலின் ஒரு பிரதியை எடுத்து, பக்கத்தை மடித்து, கல்யாணத்துக்குக் கொண்டுபோகிற கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

(ஒன்றை மட்டும் அப்போது யோசிக்கவில்லை. அவள் திருடியிருந்தால், அவள் படித்திருக்கிறாள் என்று அர்த்தம். எனக்கு வீட்டிலேயே ஒரு வாசகி இருந்திருக்கிறாள். அவளாகவா இருக்க வேண்டும்?)

5

மலையேறும் அத்தியாயத்தில் நான் கொஞ்சம் ஏமாற்றியிருந்தேன். முதல் வரைவில் நீலத் தண்ணீர்த் தொட்டிக்குப் பச்சை பெயின்ட் அடித்தேன். பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் வழி தவறி எங்கேயோ ஒரு மரம் அறுக்கிற கூடத்தில் போய் நின்றன. சம்பந்தி வீட்டார் இறங்கி, "யார் இதை எழுதினது?" என்று கேட்டார்கள். எழுதும்போது எவ்வளவு இனிமையாக இருந்தது தெரியுமா?

நடந்தது வேறு. தொட்டி நீலமாகத்தான் இருந்தது. கல்யாணத்துக்காக அடித்ததுபோல் புதுப் பெயின்ட் வேறு. ரோடு பார்க்கத் தப்பான ரோடு மாதிரியே இருந்தது. அதுதான் சரியான ரோடாகவும் இருந்தது. பெட்ரோல் பங்க் மூடியிருந்தது. நான் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டே வந்தேன். ஒரே ஒரு தப்பாவது கிடைக்காதா என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

அவள்தான் ஓட்டினாள். "நீங்க முன்னாடி உக்காருங்கக்கா. பின்னாடி உக்காந்தா உங்களுக்கு வயித்தைப் பிரட்டும்" என்று சொல்லிவிட்டாள். என் கணவரும் கொழுந்தனாரும் பின்னால். முதல் வளைவிலேயே நான் கண்ணை மூடினேன்.

"அக்கா, கண்ணை மூடினாதான் பிரட்டும். ரோட்டைப் பாருங்க."

"நீ ஓட்டு."

"நான் ஓட்டிக்கிட்டுதான் இருக்கேன். நீங்க மூச்சு விடுங்க."

பின்சீட்டிலிருந்து என் கணவர் உற்சாகமாகச் சொன்னார்: "ஏய், பயமா இருந்தா கீழே பாரு. நாம வந்த ரோடு அங்கேயேதான் இருக்கு."

கொழுந்தனார் கைதட்டினார். என் வரி, என் கணவர் வாயில், அவள் பெயரில். நான் கீழே பார்க்கவில்லை. கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

6

கல்யாணம் நடக்கிற விடுதியின் வாசலில் ஒரு பலகை வைத்திருந்தார்கள். வெள்ளைப் பெயின்டில், அழகான எழுத்தில், அந்த வரி. அதன்கீழே "சித்தி" என்று போட்டிருந்தது. மகளின் கையெழுத்தைப் பார்த்து யாரோ பெரிதாக எழுதியிருந்தார்கள். "சி"யின் மேல்விலங்கை அவள் எப்போதும் கொஞ்சம் அதிகமாக வளைப்பாள். நான்தான் அவளுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தேன்.

சம்பந்தியம்மா பல் டாக்டர். என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க ஓரகத்தி எழுதினது ரொம்பப் பிரமாதம். பல் பிடுங்க வர்றவங்க நாற்காலியில படுத்ததும் நடுங்குவாங்க இல்ல, அவங்ககிட்டகூட இதைத்தான் இப்பச் சொல்றேன்."

"அவங்களுக்குக் கீழே என்னங்க தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. ஆனா சிரிச்சுடறாங்க. வாயைத் திறந்துடறாங்க." பிறகு ஞாபகம் வந்தவராக, "நீங்களும் ஏதோ எழுதுவீங்கன்னு பையன் சொன்னான்" என்றார்.

ஏதோ. நான் அந்தச் சொல்லை மென்று விழுங்கிவிட்டு, ஆமாங்க, ஏதோ எழுதுவேன் என்றேன்.

அன்று நான் மகளின் அறையை முதன்முறையாகப் பார்த்தேன். போனில் பார்த்ததைவிடச் சின்னது. ஜன்னலோரம் ஒரு மேஜை, அதன்மேல் காற்றாடி வைத்த ஏதோ ஒரு கருவி, சுவரில் மழை அளவு எழுதிய தாள்கள். கதவுக்குப் பின்னால் இரண்டு கொக்கி. ஒன்றில் அவளுடைய மழைக்கோட்டு. இன்னொன்றில் என் ஓரகத்தியின் பழைய ஸ்வெட்டர். அங்கேயே விட்டுவைத்திருக்கிறாள், வந்தால் போட்டுக்கொள்ள. என் பொருள் அங்கே எதுவும் இல்லை. எனக்குச் சுருக்கென்றது. அதை அப்படியே எழுதுகிறேன், அலங்காரம் எதுவும் தோன்றவில்லை.

7

வாசகருக்குச் சில முடிவுகள் காட்டுவதாக முதலில் ஒரு திட்டம் இருந்தது.

முதல் முடிவில், விருந்தில் சம்பந்தியம்மா அந்த வரியைச் சொல்லி எல்லாரும் கைதட்டும்போது நான் எழுந்து நிற்கிறேன். புத்தகத்தைத் திறந்து அந்தப் பக்கத்தை வாசிக்கிறேன். அறை நிசப்தமாகிறது. என் கணவர் பன்னிரண்டாம் பக்கத்திலிருந்து தலை நிமிர்ந்து…… (இதைப் பல தடவை எழுதினேன். ஒவ்வொரு தடவையும் மகளின் முகம் வரும் இடத்தில் பேனா நின்றுவிடும். அவள் என்ன முகம் வைத்துக்கொள்வாள் என்று எனக்குத் தெரியவில்லை.)

இரண்டாவது முடிவில் ஓரகத்தி என் தோளில் சாய்ந்து அழுகிறாள். "உங்க புத்தகத்துல இருந்துதான்க்கா எடுத்தேன். எல்லாத்தையும் படிச்சிருக்கேன்." நான் பெருந்தன்மையாக மன்னிக்கிறேன். (கிளட்ச் அக்கா அழுது யாரும் பார்த்ததில்லை. நான் பெருந்தன்மையாக இருந்தும் யாரும் பார்த்ததில்லை.)

நடந்தது கல்யாணத்தன்று காலையில், அந்தச் சின்ன அறையில்.

8

மகள் கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஓரகத்தி அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள், வாயில் நாலைந்து கொண்டை ஊசி. நான் கட்டிலில். அந்தச் சீப்பு என் கையில் இருக்க வேண்டியது என்று தோன்றிக்கொண்டே இருந்தது. அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. கைப்பையைத் திறந்து புத்தகத்தை எடுத்து, மடித்த பக்கத்தைக் காட்டினேன்.

"இதைக் கொஞ்சம் படி."

ஓரகத்தி எட்டிப் பார்த்தாள். ஊசிகளை வாயிலிருந்து எடுத்தாள். உதடு அசைய ஒரு தடவை படித்தாள்.

"அட. இது நான் எழுதினதுல்ல?"

"நீ எழுதினதா? இந்தப் புத்தகம் வந்து எத்தனையோ வருஷம் ஆச்சு. இதைப் படிச்சுட்டுத்தானே எடுத்துப் போட்டே?"

"உங்க புத்தகத்தை நான் எங்கக்கா படிச்சேன்? பொய் சொல்லக் கூடாது, ஒண்ணுகூடப் படிச்சதில்ல. எனக்கு உக்காந்து படிக்கப் பொறுமை கிடையாது."

என் ஒரே வாசகியும் போனாள்.

"அப்ப வரி எப்படி வந்துச்சு?"

"நான் சொன்னது. அன்னைக்கு மலைக்குப் போனோமே, நான் லைசென்ஸ் வாங்கின புதுசுல. நீங்க கண்ணை மூடிக்கிட்டு ஐயோ ஐயோன்னு இருந்தீங்க. உங்களுக்குத் தைரியம் சொன்னேன். இப்பவும் என்கிட்ட வண்டி கத்துக்கறவங்ககிட்டயெல்லாம் இதைத்தான் சொல்றேன்." அவள் குரல் மாறியது. "அப்ப நான் சொன்னதை நீங்கதான் எடுத்து உங்க புத்தகத்துல போட்டுக்கிட்டீங்களா? ஒரு வார்த்தை சொன்னீங்களா எங்கிட்ட?"

"நீ சொல்லவே இல்ல. அது எனக்குத் தோணினது."

"கண்ணை மூடிக்கிட்டு இருந்தவங்களுக்குக் கீழ ரோடு இருக்குன்னு எப்படித் தோணும்?"

(ஒரு எழுத்தாளரிடம் கேட்கக் கூடாத கேள்வி.)

"நீ வளைவுல ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு வேர்த்து வழிஞ்சுக்கிட்டு இருந்தே. நீ கீழ பார்த்தியா?"

ஓரகத்தி "பார்க்கல" என்றாள். "ரோட்டைத் தவிர எதையும் பார்க்கல."

பிறகு கண்ணாடிக்குள்ளிருந்து என் மகள் பேசினாள். திரும்பவில்லை, பாதி வாரிய தலையோடு அப்படியே பேசினாள்.

"நான் சொன்னேன்."

நாங்கள் இரண்டு பேரும் கண்ணாடியைப் பார்த்தோம்.

"பின்சீட்டுல நான் இருந்தேன். ரெண்டு பேருக்கும் ஞாபகமே இல்லையா? ஜன்னல்ல மூக்கை வெச்சுக் கீழ பார்த்துக்கிட்டே வந்தேன். அம்மா பயந்துச்சு. சித்தியும் பயந்தாங்க, காட்டிக்கல. ரெண்டு சீட்டுக்கும் நடுவுல தலையை விட்டுச் சொன்னேன். பயமா இருந்தா கீழே பாருங்க, நாம வந்த ரோடு அங்கேயேதான் இருக்குன்னு. யாரும் பதில் சொல்லல. சரி, கேக்கலைபோலன்னு விட்டுட்டேன்."

ஓரகத்தி சீப்பை மேஜையில் வைத்தாள்.

"நீ…… நீ இதைப் படிச்சிருக்கியா?" என்று கேட்டேன். என் கையில் புத்தகம் திறந்தபடி இருந்தது.

"காலேஜ்ல. அந்தப் பெரியவர் பஸ்ஸுல சொல்ற இடம் வந்ததும் மூடி வெச்சுட்டேன்."

"நல்லா இல்லையா?"

(என் மகள் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது என் வாயில் வந்த முதல் கேள்வி இதுதான். மாற்றி எழுதலாம். எழுதவில்லை.)

"நல்லா இருந்துச்சும்மா. அதான் மூடிட்டேன். அதுக்கப்புறம் உன் புத்தகம் எதையும் திறக்கப் பயம். இன்னும் எந்தப் பக்கத்துல நான் இருக்கேனோன்னு. என் வாயில வந்தது, யாரோ ஒரு தாத்தா சொல்லிக்கிட்டு இருக்காரு."

"சித்தியும்தானே எடுத்தா?"

"சித்தி எழுதினதைப் பார்த்ததும் சிரிப்பு வந்துச்சு. சரி, இவங்களும் கேட்டிருக்காங்கன்னு. அவங்க ரோட்டைப் பத்தித்தான் எழுதினாங்க. உன்கிட்ட கேட்டிருந்தா நீ என்னைப் பத்தி எழுதியிருப்பே."

அதுதான் அந்தச் சத்தமில்லாத இடத்தில் இருந்தது. அன்றைக்குச் சிக்னல் போகவில்லை.

9

இங்கே ஒரு கட்டுரை எழுத நினைத்தேன். எழுத்தாளர்கள் எடுப்பதைப் பற்றி, வீட்டில் விழுகிற வார்த்தைகளுக்குச் சொந்தக்காரர் யார் என்பதைப் பற்றி. இரண்டு பக்கம் எழுதினேன். அதில் எங்கேயும் நான் தோற்றுப்போகவில்லை, எல்லா வாதத்திலும் நானே ஜெயித்தேன். அதனாலேயே அதை நம்ப முடியவில்லை. விட்டுவிட்டேன்.

நடந்ததை மட்டும் சொல்கிறேன். ஓரகத்தி சீப்பை எடுத்து என்னிடம் நீட்டினாள். "மிச்சத்தை நீங்க வாருங்கக்கா." நான் வாரினேன். வகிடு கோணலாகத்தான் வந்தது. விடுதி வாசலுக்குப் போய் ஓரகத்தி பலகையில் "சித்தி" என்பதைத் துணியால் துடைத்தாள். பெயின்ட் காய்ந்துவிட்டதால் போகவில்லை, மங்கலாக ஆனது, அவ்வளவுதான். கல்யாணம் நன்றாக நடந்தது. மகள் சொன்ன நேரத்துக்கு மூடுபனி இறங்கியது. சம்பந்தி வீட்டில் ஒருத்தர் குறிப்பை மதிக்காமல் ஹீல்ஸ் போட்டுவந்து புல்லில் மாட்டிக்கொண்டார். எல்லாரும் போய்ப் பிடுங்கினோம்.

விருந்து முடிந்து நான் தனியாக நின்றபோது மகள் வந்தாள்.

"எழுதுவியா இதை?"

மாட்டேன் என்று சொல்லத்தான் நினைத்தேன். "எழுதாம இருக்க முடியுமான்னு தெரியலடி" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். வானிலைக் கருவியைப் பார்ப்பதுபோல், பொறுமையாக, என்ன காட்டுகிறதோ அதைக் குறித்துக்கொள்கிறவளாக. "சரி, எழுது. ஒண்ணே ஒண்ணை மட்டும் எனக்கு விட்டுடு. எதைன்னு உனக்கே தெரியும்" என்றாள்.

10

எதை என்று அப்போது தெரியவில்லை. கிளம்பும்போது தெரிந்தது.

கார் புறப்படத் தயாராக இருந்தது. நான் முன்சீட்டில். ஓரகத்தி அந்தப் பக்கம் நின்று சம்பந்தியம்மாவிடம் வழி சொல்லிக்கொண்டிருந்தாள். மகள் என் ஜன்னல் பக்கமாக வந்து, கண்ணாடியை இறக்கச் சொல்லி, தலையை உள்ளே விட்டு, என் காதருகில் ஒரு வார்த்தை……

(இங்கே ஒரு வாக்கியம் இருந்தது. ஒரே ஒரு வாக்கியம். நான் எழுதிய நான்கு நாவல்களிலும் அதற்குப் பக்கத்தில் வைக்க ஒன்று கிடையாது.)

இறங்கும்போது நான் கண்ணைத் திறந்துவைத்திருந்தேன். ஒவ்வொரு வளைவிலும் நிமிர்ந்து பார்த்தேன். நாங்கள் வந்த ரோடு இப்போது மேலே இருந்தது.

"என்னக்கா சொன்னா ஜன்னல்கிட்ட வந்து?" என்று கேட்டாள் ஓரகத்தி.

"ஒண்ணுமில்ல."

அடுத்த வளைவில் மறுபடியும் கேட்டாள். நீலத் தொட்டி தாண்டியும் கேட்டாள். "என்னைப் பத்தியா? என்கிட்ட சொல்லக் கூடாதா? என்கிட்ட எல்லாம் சொல்லுவாளே." கியரை மாற்ற மறந்து வண்டி உறுமியது. திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் இருந்தது என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும், வருஷக்கணக்காக என் முகத்தில் இருந்தது அது.

"ரெண்டாவது கியர்ல போடு" என்றேன்.

இப்போது நீங்கள். இவ்வளவு தூரம் என்னோடு மலையேறி இறங்கிவிட்டீர்கள், கடைசி வரியைக் கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது. இத்தகைய கதைகளில் முடிவை வாசகரிடம் கொடுத்துவிடுவது வழக்கம் என்றும் தெரியும். வேண்டுமானால் மேலே விட்டிருக்கும் புள்ளிகளில் நீங்களே ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். நன்றாகக்கூட வரலாம். ஆனால் அது அவள் சொன்னதாக இருக்காது.

கொடுக்கலாம்தான். மனசு வரவில்லை. நான் பொறாமைக்காரி என்று முதல் பத்தியிலேயே சொன்னேனே, இது என் மகள் என்னிடம் சொன்னது.